பொருள் கேட்ட சருகுமான்

மேற்கு மலையில் ஒரு சோலைக்காடு இருந்தது. அங்கே வாழ்ந்த விலங்குகளுக்குப் பேச்சு என்றால் உயிர். சாதாரணப் பேச்சு அல்ல, அணியோடு பேசுகிற பேச்சு!

மற்ற காடுகளில், "மழை வருது, ஓடு!" என்பார்கள். இந்தக் காட்டில், "வானத்து யானைகள் குளித்துவிட்டு உடம்பை உதறப் போகின்றன" என்பார்கள். கேட்டவர்கள், "ஆகா, உருவகம்!" என்று கைதட்டுவார்கள். கைதட்டி முடிப்பதற்குள் எல்லோரும் நனைந்துவிடுவார்கள்.

காலை வெயில் ஏறியதும் ஓடைக்கரைப் பாறையில் அணி மன்றம் கூடும். கருமந்திதான் தலைவர். அவருக்கு உடம்பெல்லாம் கறுப்பு, தலையைச் சுற்றி மட்டும் பழுப்பு மயிர். பேசுவதற்கு முன் அதை ஒருமுறை தடவிவிட்டுக்கொள்வார். முன்வரிசையில் மலையணில் இருப்பான். அவனுக்கு நீளமான வால், அதைவிட நீளமான நாக்கு. கடைசியில் காட்டுமாடு நிற்பார். எதையாவது அசைபோட்டுக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் தலையாட்டும்போது தானும் ஆட்டுவார்.

மன்றத்துக்கு ஒரே ஒரு விதிதான். யாராவது ஒன்று சொன்னால், அது என்ன அணி என்று சொல்ல வேண்டும். "அதற்கு என்ன பொருள்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் உட்கார்ந்திருக்கும் இடம் போய்விடும். பொருள் கேட்பது படிக்காதவர்கள் செய்கிற வேலை என்பது அவர்கள் எண்ணம்.

அந்த மன்றத்தில் புதிதாகச் சேர வந்தாள் செம்பி என்ற சருகுமான்.

சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். சருகு அசைந்தாலே மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்துகொள்ளும். செம்பியின் அம்மா, பாட்டன், முப்பாட்டன் எல்லோரும் சருகுக்குள்ளேயே பிறந்து சருகுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். மன்றத்தில் பேசுவதைத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். செம்பி மட்டும் புதருக்குள் படுத்தபடியே எல்லா அணிகளின் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.

தேர்வு நடந்தது. கருமந்தி தலைமயிரைத் தடவிக்கொண்டார்.

"'மலை பனிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டது.' இது என்ன அணி?"

"உருவகம், ஐயா! பனி வேறு, போர்வை வேறு என்று பார்க்காமல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்."

"'பனி போர்வை போலக் கிடந்தது' என்றால்?"

"'போல' வந்துவிட்டது. உவமை!"

"'இந்தச் சோலையைப் பிரிய மனமில்லாமல் ஓடை அழுதுகொண்டே இறங்குகிறது.'"

"தற்குறிப்பேற்றம், ஐயா! ஓடை இயல்பாகவே சத்தம் போடுகிறது. பிரிவுத் துயரம் என்ற காரணத்தை நாம்தான் ஏற்றிச் சொல்கிறோம்."

மலையணில் இடையில் புகுந்தான். "நான் ஒரு தாவு தாவினா சூரியனே தலையைக் குனிஞ்சுக்கும்! இது என்ன?"

"உயர்வு நவிற்சி."

"அதெப்படி அவ்வளவு சீக்கிரமாச் சொல்லிட்டே?"

"அண்ணன் தாவுறதை நான் பார்த்திருக்கேனே!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மலையணிலுக்கு முகம் சுருங்கியது. அதை மறைக்க உடனே காட்டுமாட்டைக் காட்டினான். "நம்ம காட்டுமாட்டு அண்ணன் சுறுசுறுப்பு யாருக்கு வரும்? நின்ன இடத்துல நின்னே காட்டைச் சுற்றி வந்துடுவாரே! இது?"

"வஞ்சப் புகழ்ச்சி. புகழ்வது போல இகழ்வது."

"ரொம்ப நன்றிப்பா" என்றார் காட்டுமாடு.

கடைசிக் கேள்வி வந்தது. "பிறிது மொழிதல் என்றால் என்ன?"

"சொல்ல வந்ததைச் சொல்லாமல், வேறொன்றைச் சொல்லி, சொல்ல வந்ததை உணர வைப்பது, ஐயா!"

"பிரமாதம்! ஏறி உட்கார்!" என்றார் கருமந்தி.

செம்பி பாறையில் ஏறினாள். கடைசியாகச் சொன்ன அந்த அணி அவளுக்கு உண்மையில் புரியவே இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை என்றால் கேட்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் கேட்டால் ஏறிய உடனே இறங்க வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டாள்.

"நம்ம கூட்டத்திலேயே பாறை மேல ஏறி உட்கார்ந்தது என் பொண்ணு ஒருத்திதான்!" என்று அவள் அம்மா வழியில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். புதருக்குள் ஒளிந்தபடியேதான் சொன்னாள்.

மன்றப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம் இருந்தது. அதன் பொந்தில் ஒரு பெண் இருவாச்சி குடியிருந்தாள். இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை மண்ணும் எச்சமும் கொண்டு அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே இருக்கும் காலத்தில் அதன் சிறகிறகுகள் உதிர்ந்துவிடும். வெளியே வந்தாலும் பறக்க முடியாது. குஞ்சு வளரும் வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே யாருக்கும் சாப்பாடு கிடையாது.

இருவாச்சி அக்காவும் அவள் வீட்டுக்காரரும் பேசினால் காடே நின்று கேட்கும். அவ்வளவு அழகாகப் பேசுவார்கள். பொந்துக்குள் போன பிறகும் அக்கா கீறல் வழியாக மன்றத்தோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள் காலை. மன்றம் கூடியது. பொந்துக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அருவி இந்தப் பக்கம் வரவில்லை. பாறையில் இருக்கிற பாசி தன் ஈரத்தையே குடித்துக்கொண்டிருக்கிறது."

"ஆகாகா!" என்று கருமந்தி கண்ணை மூடிக்கொண்டார்.

"தற்குறிப்பேற்றம்!" என்று மலையணில் குதித்தான். "பாசி தானாக் காயுது. ஈரத்தைக் குடிக்குதுன்னு அக்கா ஏற்றிச் சொல்றாங்க!"

"இல்லை, உருவகம்" என்றார் கருமந்தி.

"தற்குறிப்பேற்றம்தான், ஐயா!"

"நான் தலைவரா, நீ தலைவரா?"

நெடுநேரம் சண்டை நடந்தது. காட்டுமாடு இரண்டு பேருக்கும் தலையாட்டினார். பிறகு எல்லோரும் அக்காவைப் பாராட்டிக் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

செம்பியும் கைதட்டினாள். ஆனால் மரத்தடியைக் கடக்கும்போது நின்றாள். அண்ணன் இருவாச்சி ஊட்டும்போது எப்போதும் நாலைந்து அத்திப்பழம் தவறிக் கீழே விழும். அதைத்தான் அவளும் அம்மாவும் பொறுக்கித் தின்பார்கள். இன்றைக்கு மரத்தடியில் ஒன்றுகூட இல்லை. நேற்று விழுந்த ஒன்றிரண்டும் எறும்பு மொய்த்துக் காய்ந்து கிடந்தன.

'ஒருவேளை அண்ணன் வரவில்லையோ?' என்று நினைத்தாள். உடனே, 'இவ்வளவு படித்தவர்கள் கேட்டார்கள். அவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது?' என்றும் நினைத்தாள்.

மாலையில் அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா பதறினாள். "நீ வாயைத் திறந்து ஏதாவது கேட்டுடாதே, கண்ணு! பொருள் கேட்டா இறக்கிவிட்டுடுவாங்க. இத்தனை தலைமுறைக்கு அப்புறம் கிடைச்ச இடம்!"

"அக்கா பாவமில்லையாம்மா?"

"பாவம்தான். ஆனா அவங்க ஏதாச்சும் கேட்டாங்களா? கேட்கலையே! பாசிங்கிறாங்க, அருவிங்கிறாங்க. பெரியவங்க பேச்சு. நமக்கு எதுக்கு?"

செம்பிக்கு அன்று புல் இறங்கவில்லை.

மறுநாள் மன்றம் கூடியதும் அக்காவின் குரல் மீண்டும் வந்தது. நேற்றைவிட மெலிதாக இருந்தது.

"பெரிய பாசி பொறுத்துக்கொள்ளும். பக்கத்தில் முளைத்த சின்னப் பாசிக்குப் பொறுக்கத் தெரியவில்லை."

"குரலைத் தேய வெச்சுச் சொல்றாங்க பாருங்க! என்ன நயம்!" என்றான் மலையணில்.

"பாசியைப் பற்றியே தொடர்ந்து சொல்கிறார். ஒரே உருவகத்தை விடாமல் இழுத்துக்கொண்டு போவது எல்லோருக்கும் வராது" என்றார் கருமந்தி. "கைதட்டுங்கள்!"

எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

செம்பி மரத்தடியைப் பார்த்தாள். இன்றைக்கும் பழம் இல்லை. சருகுக்குள் ஓடிவிடலாமா என்று கால் துடித்தது.

"ஐயா!" என்றாள்.

"என்ன அணி என்று சொல்லப் போகிறாயா? சொல், சொல்!"

"இல்லை, ஐயா. எனக்கு... எனக்குப் புரியலை."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"என்ன புரியவில்லை?" என்றார் கருமந்தி.

"அக்கா என்ன சொல்றாங்கன்னு புரியலை. அதுக்கு என்ன பொருள்?"

மலையணில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பொருள் கேக்கிறா! பொருள் கேக்கிறா! சருகுக்குள்ள இருந்து வந்தவளைப் பாறையில ஏற்றினா இப்படித்தான்!"

கருமந்தியின் முகம் வாடியது. அவருக்குச் செம்பியைப் பிடிக்கும். "விதி தெரியுமில்லையா, செம்பி? இப்போதுகூட 'உருவகம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் எதுவும் கேட்காதது மாதிரி இருந்துவிடுகிறேன்."

புதருக்குள்ளிருந்து, "சொல்லிடு கண்ணு!" என்று அம்மாவின் குரல் கேட்டது.

செம்பி பாறையிலிருந்து தானே இறங்கினாள். கண்ணில் நீர் முட்டியது. நேராகப் பெரிய மரத்தின் அடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா! நான் செம்பி. எனக்கு அணியோட பேரெல்லாம் தெரியும். ஆனா நீங்க சொன்னது புரியலை. தப்பா நினைக்காதீங்க. பாசி யாரு, அக்கா? அருவி யாரு?"

பொந்துக்குள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சின்னக் குரல் வந்தது.

"அம்மா, பசிக்குதும்மா!"

"சும்மா இரு, தங்கம்" என்று அக்கா அதட்டினாள். அதட்டல் பாதியிலேயே உடைந்துபோனது. "பாசி நான்தான், செம்பி. சின்னப் பாசி இவன். அருவி... அவரு. முந்தாநாள் பழம் எடுக்கப் போனவரு இன்னும் வரலை."

மன்றத்தில் தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

மலையணில் பழக்கம் விடாமல் மெல்லக் கேட்டான். "இது... இது என்ன அணி?"

"அணி ஒண்ணும் இல்லடா" என்றார் காட்டுமாடு. "பசி."

காட்டுமாடு அசைபோடுவதை நிறுத்தியிருந்தார். அவர் அசைபோடாமல் நின்றதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"நேற்றே சொல்லியிருக்கலாமே, தாயி!" என்று கருமந்தி தவித்தார்.

"நேற்றே சொன்னேனே, ஐயா" என்றாள் அக்கா. "அடைச்ச வீட்டுக்குள்ள இருந்துகிட்டு அடுத்தவங்ககிட்டச் சோறு கேட்க நாங்க கூச்சப்படுவோம். அதனால மறைச்சுச் சொன்னேன். இத்தனை படிச்சவங்க வாசல்ல கூடியிருக்கீங்க. ஒரு வார்த்தை போதும், புரிஞ்சுக்குவீங்கன்னு நம்பினேன். நீங்க கைதட்டினீங்க."

கருமந்தி தலைமயிரைத் தடவக் கையைத் தூக்கினார். பிறகு தடவாமலே இறக்கிவிட்டார்.

"பேசிக்கிட்டு நிக்காதீங்க!" என்று செம்பி கத்தினாள். அவள் கத்தியது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அணிலண்ணே! உங்களாலதான் அந்தக் கீறல் வரைக்கும் ஏற முடியும். பழம் கொண்டு வாங்க!"

மலையணில் ஒரே பாய்ச்சலில் பக்கத்து அத்திமரத்துக்குப் போனான். வாய் நிறையப் பழம் அடைத்துக்கொண்டு வந்து கீறலில் நீட்டினான். உள்ளேயிருந்து மஞ்சள் அலகின் நுனி வெளியே வந்து பழத்தை வாங்கிக்கொண்டது. உள்ளே குஞ்சு விழுங்கும் சத்தம் கேட்டது. அக்கா முதல் பழத்தையும் இரண்டாவது பழத்தையும் குஞ்சுக்கே கொடுத்தாள். மலையணில் போய்ப் போய் வந்தான். எத்தனை தடவை என்று அவனே எண்ணவில்லை.

"அக்கா, இந்தப் பழம் உங்களுக்கு. சத்தியமா உங்களுக்குத்தான். அவனுக்கு அடுத்தது தர்றேன்" என்று கெஞ்சினான்.

அக்கா சாப்பிட்டாள். பிறகுதான் கேட்டாள். "அவரை யாராவது பார்த்தீங்களா?"

மலையணில் கையிலிருந்த பழம் நழுவிக் கீழே விழுந்தது.

"ஐயையோ! நான் அவரு குரலைக் கேட்டேனே!"

"எங்கடா?" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"நேத்து மத்தியானம், கீழே பிரம்புக்காட்டுல. உள்ளே எங்கேயோ இருந்து, 'என் சிறகு இங்கேயே வேர் விட்டுவிட்டது'ன்னு அண்ணன் சொன்னாரு. 'உயர்வு நவிற்சி! பிரமாதம் அண்ணே!'ன்னு கத்திட்டு வந்துட்டேன்."

"கத்திட்டு வந்துட்டியா?" என்றார் காட்டுமாடு.

"திரும்பிப் பார்த்துக் கைகூடத் தட்டினேன்" என்று சொல்லிவிட்டு மலையணில் அழ ஆரம்பித்தான்.

"அப்புறமா அழு! இப்போ வழி காட்டு!" என்றார் காட்டுமாடு.

நின்ற இடத்திலேயே நிற்பவர் என்று கேலி செய்யப்பட்டவர் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் சரிவெல்லாம் அதிர்ந்தது. மலையணில் மரத்துக்கு மரம் தாவி வழி காட்டினான். கருமந்தியும் பின்னாலேயே தாவினார். செம்பி மரத்தடியிலேயே இருந்துகொண்டாள். அக்காவுக்குப் பேச்சுத் துணை வேண்டுமே! "பயப்படாதீங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

பிரம்புக்காட்டில் ஒரு பழமரம் இருந்தது. அதில் இறங்கியபோது அண்ணன் இருவாச்சியின் ஒரு சிறகு பிரம்புக்கொடியில் சிக்கியிருந்தது. பிரம்பின் முள் பின்னோக்கி வளைந்திருக்கும். இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகப் பிடிக்கும். அவர் இழுத்து இழுத்துக் களைத்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் சேர்த்துவைத்த பழங்கள் கீழே சிதறிக் கிடந்தன.

காலடிச் சத்தம் கேட்டதும் அவர் தலையைத் தூக்கினார். "கரை சேராத ஓடம் ஒன்று..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே! ஓடம் இருக்கட்டும். நேராச் சொல்லுங்க. எங்கே வலிக்குது?" என்றார் காட்டுமாடு.

இருவாச்சி ஒரு கணம் திகைத்தார். பிறகு, "இங்கேப்பா. தோள்ல" என்றார்.

காட்டுமாடு கொடியை வேரோடு மிதித்துச் சாய்த்தார். கருமந்தி கையால் ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டார். மலையணில் மற்ற கொடிகளைப் பல்லால் அறுத்தான். சாயுங்காலத்துக்குள் அண்ணன் காட்டுமாட்டின் முதுகில் உட்கார்ந்து மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்.

கீறலுக்கு வெளியே அலகு நீண்டது. இரண்டு பேரும் எவ்வளவோ அழகாகப் பேசக்கூடியவர்கள். அன்றைக்கு அக்கா, "வந்துட்டீங்களா?" என்றாள். அண்ணன், "வந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார்கள். யாரும் கைதட்டவில்லை.

அண்ணனின் தோள் ஆறும் வரை மலையணில்தான் அந்த வீட்டுக்குப் பழம் சுமந்தான். அவன் அவசரத்தில் வழக்கத்தைவிட நிறையப் பழம் கீழே சிந்தியது. செம்பியின் அம்மா அதைப் பற்றி எந்தக் குறையும் சொல்லவில்லை.

அண்ணன் வந்து சேர்ந்த மறுநாள் மன்றம் கூடியபோது செம்பி பாறையில் ஏறவில்லை. சருகோரமாக நின்றாள்.

"ஏன் அங்கே நிற்கிறாய்?" என்றார் கருமந்தி.

"நான் பொருள் கேட்டுட்டேனே, ஐயா."

கருமந்தி எழுந்து நின்றார். "இன்றைக்கு விதியை மாற்றுகிறேன். புரியாதவர்கள் யாரோ, அவர்களுக்குத்தான் முன்வரிசை. கேட்கிறவர் பக்கத்தில் இருந்தால்தான் சொல்கிறவருக்கு வசதி. செம்பி, முன்னால் வா."

செம்பி தயங்கித் தயங்கி முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

காட்டுமாடு தொண்டையைச் செருமினார். "அப்படின்னா நானும் முன்னால வரணும். இத்தனை வருஷமா எனக்கு ஒண்ணுமே புரிஞ்சதில்லை. அந்த வஞ்சப் புகழ்ச்சின்னு ஒண்ணு சொன்னீங்களே, அது என்னைப் புகழ்ந்ததா, இல்லையா?"

"இல்லண்ணே" என்றான் மலையணில், வாலால் முகத்தை மூடிக்கொண்டு. "மன்னிச்சுக்குங்க."

"சரி, இடம் விடு" என்று காட்டுமாடு அவனுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"தற்குறிப்பேற்றமும் உருவகமும் எனக்கும் குழம்பும்" என்று மலையணிலும் நகராமல் அங்கேயே இருந்துகொண்டான். ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். முன்வரிசை நிரம்பி வழிந்தது. பின்வரிசையில் ஆளே இல்லை. தலைவர் இடத்தில் தனியாக நின்ற கருமந்தி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கொஞ்சம் நகர்ந்து உட்கார், செம்பி" என்றார். "பிறிது மொழிதல் எனக்கும் நேற்றுவரை புரிந்ததில்லை."

மழைக்காலம் தொடங்கியது. அண்ணனின் சிறகு முழுதாகத் தேறியது. ஒரு காலை அவர் மன்றத்துக்கு மேலே பறந்து வந்து கிளையில் அமர்ந்தார். கீழே ஓடையைப் பார்த்தார்.

"மலை தன் வெள்ளிச் சங்கிலியைக் கழற்றிப் பள்ளத்தாக்கில் எறிந்துவிட்டது" என்றார்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலையணிலுக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, உடம்பு நல்லா இருக்கில்ல?"

"நல்லா இருக்கேனே!"

"வீட்ல அக்கா, குஞ்சு?"

"எல்லாரும் சௌக்கியம்."

"எதையும் யாரும் தூக்கி எறிஞ்சிடலையே?" என்று காட்டுமாடு கவலையோடு கேட்டார்.

"இல்லப்பா! ஓடையில தண்ணி நிறைய வந்திருக்கு. பார்க்க அழகா இருந்துச்சு. அதைத்தான் சொன்னேன்."

"அப்படின்னா உருவகம்!" என்று செம்பி துள்ளி எழுந்தாள்.

"உருவகம்! உருவகம்!" என்று மன்றமே கைதட்டியது.

ஒருவர் சொன்னது என்ன அணி என்று பெயர் சொல்வதற்கு முன், அவர் நெஞ்சில் இருப்பது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே கற்றவர்க்கு அழகு.